உலக ஸ்பிரிண்ட் ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக் நடக்கும்போது ராத்திரி டிவியைத் திருப்பினால், இறுக்கமான உடையில் இரண்டு பேர் இடுப்பை மடித்துக் குனிந்தபடி ஐஸ் மீது பாய்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்கு வெளியே நடக்கும் ஒரு பழைய போட்டியைப் பற்றியது இந்தப் பக்கம். என்னிடம் பலர் கேட்டவை, நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் எனக்கே புரியாதவை, எல்லாம் கலந்து இருக்கின்றன.

இது என்ன போட்டி? ஸ்பிரிண்ட் என்றால் எவ்வளவு தூரம்?

500 மீட்டர், 1000 மீட்டர் என்று இரண்டே தூரங்கள். இரண்டு நாள் போட்டி. முதல் நாள் ஒரு 500, ஒரு 1000. மறுநாள் அதே இரண்டும் மறுபடி. நான்கு ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து ஆண்களில் ஒருவரும் பெண்களில் ஒருவரும் உலக சாம்பியன் ஆகிறார்கள். நடத்துவது சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமான ஐ.எஸ்.யு. முதல் போட்டி 1970-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள வெஸ்ட் அலிஸில் நடந்தது. அப்போது வென்றவர்கள் இருவரும் சோவியத் நாட்டவர்: வலேரி முராத்தோவ், லுத்மிலா தித்தோவா.

அதற்கு முன்னால் பெரிய பட்டம் என்றால் 'ஆல்ரவுண்ட்' பட்டம்தான். அதில் குறுகிய தூரத்தோடு ஆண்கள் 5000, 10,000 மீட்டரும் ஓட வேண்டும். வேகம் மட்டும் உள்ளவனுக்கு அங்கே வேலை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஸ்பிரிண்ட் சாம்பியன்ஷிப்.

பனிச்சறுக்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. நம் பத்திரிகைகள் மலைச்சரிவில் கட்டைகளைக் கட்டிக்கொண்டு இறங்குவதையும் பனிச்சறுக்கு என்கின்றன, காலில் பிளேடு மாட்டி ஐஸில் ஓடுவதையும் பனிச்சறுக்கு என்கின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம். இங்கே சரிவே கிடையாது. 400 மீட்டர் சுற்றளவுள்ள, தட்டையான, முட்டை வடிவ ஐஸ் பாதை. பள்ளிக்கூட மைதானத்து ஓட்டப் பாதையை உறைய வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ட் டிராக் என்பது இன்னொன்று. ஹாக்கி அரங்கில் நாலைந்து பேர் ஒன்றாக இடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது. அங்கே முதலில் வந்தவர் வென்றவர். இங்கே எதிரி கடிகாரம்.

இரண்டு இரண்டு பேராக ஓடினால் யார் முதல் என்று எப்படித் தெரியும்?

பக்கத்தில் ஓடுபவரை முந்தினீர்களா என்பது கணக்கில் வராது. உங்கள் நேரம் மட்டும்தான். அதைப் புள்ளியாக மாற்றும் முறை கேட்கும்போது பயமுறுத்தும், செய்து பார்த்தால் சுலபம். 500 மீட்டர் ஓடிய வினாடிகள் அப்படியே புள்ளி. 1000 மீட்டர் ஓடிய வினாடிகளில் பாதி புள்ளி. எல்லாம் கூட்டி, குறைவாக உள்ளவர் சாம்பியன். அதாவது எல்லா ஓட்டத்தையும் '500 மீட்டருக்கு எத்தனை வினாடி' என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

கற்பனையாக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 500-இல் புலி. முதல் நாள் 34.50 வினாடி, பிறகு 1000-இல் 1 நிமிடம் 8.40 வினாடி. அதாவது 34.500 + 34.200 = 68.700. இரண்டாமவருக்கு 1000 தான் பலம். அவர் 34.90, பிறகு 1 நிமிடம் 7.60. இதுவும் 34.900 + 33.800 = 68.700. முதல் நாள் முடிவில் இருவரும் சமம். மறுநாள் 500-இல் முதலாமவர் 34.60, மற்றவர் 34.95. இப்போது முதலாமவர் 0.350 புள்ளி முன்னால். கடைசி 1000 மீட்டரில் புள்ளி பாதியாகும் என்பதால், அவரைப் பிடிக்க மற்றவருக்கு 0.70 வினாடி தேவை. அவர் 1 நிமிடம் 7.10-இல் வந்து, முதலாமவர் 1 நிமிடம் 8.20 எடுத்தால் மொத்தம் 137.200-க்கு 137.400. இரண்டு 500-ஐயும் தோற்றவர் சாம்பியன்!

கடைசி ஓட்டத்துக்கு முன்னால் திரையில் புள்ளிப் பட்டியல் வரும்போது வித்தியாசத்தை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். துரத்துபவர் எத்தனை வினாடி பிடிக்க வேண்டும் என்பது அதுதான். இந்த ஒரு பெருக்கலைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்தப் போட்டியே பிடித்தது.

ஒரே தூரத்தை ஏன் இரண்டு தடவை ஓட வேண்டும்?

இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது.

பாதையில் உள் தடம், வெளித் தடம் என்று இரண்டு. உள் தடத்து வளைவு சின்னது, வெளித் தடத்து வளைவு பெரியது. அதனால் பின்பக்க நேர்பாதையில் இருவரும் தடம் மாறிக்கொள்ள வேண்டும். 500 மீட்டரில் இரண்டே வளைவுகள். உள்ளே புறப்பட்டவருக்கு இரண்டாவது வளைவு வெளியே கிடைக்கும், வெளியே புறப்பட்டவருக்கு உள்ளே கிடைக்கும். தூரம் சமமாகிவிடும், நியாயம்தானே என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கடைசி வளைவுக்கு வரும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொடுகிறது. அந்த வேகத்தில் உள் தடத்து இறுக்கமான வளைவில் திரும்புவது பெரும்பாடு. உடம்பை வெளியே தள்ளும் விசை அங்கேதான் அதிகம். சமாளிக்க முடியாமல் அகலமாகப் போய்விடுபவர்கள் உண்டு, விழுபவர்களும் உண்டு. கடைசி உள் வளைவு வந்தால் துரதிர்ஷ்டம் என்று ஸ்கேட்டர்கள் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். தோற்றவர்கள் சொல்லும் சாக்கு என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நார்வேயின் புள்ளியியல் பேராசிரியர் நில்ஸ் லிட் ஹியோர்ட் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்குக் கைகொடுத்தது இந்த ஸ்பிரிண்ட் சாம்பியன்ஷிப்தான். இங்கே ஒவ்வொருவரும் முதல் நாள் ஒரு தடத்திலும் மறுநாள் மற்றதிலும் 500 ஓடுகிறார்களே! அதே ஆள், அதே ஐஸ், தடம் மட்டும் வேறு. சோதனைக்கூடத்தில்கூட இப்படி அமையாது. கடைசி வளைவு வெளியே கிடைத்தவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.05 வினாடி லாபம் என்று 1994-இல் காட்டினார். 0.05 என்றால் கண் சிமிட்டுவதைவிடக் குறைவுதான். ஆனால் 500 மீட்டரில் பதக்கம் கைமாற அது போதும். அந்த வாதம் எடுபட்டது. 1998-இல் ஜப்பானின் நகானோவில் தொடங்கி ஒலிம்பிக்கிலும் 500 மீட்டரை இரண்டு முறை ஓட வைத்தார்கள்.

அப்புறம் 2018-இல் மறுபடி ஒரே ஓட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது பின்னோக்கிய அடி. ஒரே ஓட்டம் என்றால் பார்ப்பவருக்குப் பரபரப்பு அதிகம், அது உண்மை. ஆனால் தடத்தைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஸ்பிரிண்ட் சாம்பியன்ஷிப்பில் அந்தக் குறை இல்லை.

தடம் மாறும்போது மோதிக்கொள்ள மாட்டார்களா?

மோதாமல் இருக்க விதி உண்டு. வெளியிலிருந்து உள்ளே வருபவருக்கே வழி. உள்ளிருந்து வெளியே போகிறவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், இடைஞ்சல் செய்தால் அவருக்குத்தான் தகுதி நீக்கம். பாதிக்கப்பட்டவர் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி தனியாக ஓட வாய்ப்புக் கேட்கலாம். ஆனால் ஒரு முறை உயிரைக் கொடுத்து ஓடிய காலோடு மறுபடி ஓடுவது என்ன நியாயம் என்பது வேறு விஷயம்.

யார் எந்தத் தடத்தில் புறப்பட்டார் என்று தெரிந்துகொள்ளக் கையைப் பாருங்கள். வெள்ளைப் பட்டை உள் தடம், சிவப்புப் பட்டை வெளித் தடம்.

விழுந்துவிட்டால்?

எழுந்து ஓடி முடிக்கலாம். நேரம் பதிவாகும். ஆனால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். நான்கு ஓட்டங்களில் மூன்றில் முதலாவதாக வந்தாலும், ஒன்றில் விழுந்து பத்து வினாடி போனால் எந்தக் கணக்கும் அதைச் சரிக்கட்டாது. இந்தப் போட்டியின் குணமே அதுதான். ஒரு அபார ஓட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே ஜெயிக்க முடியாது, நான்கிலும் சொதப்பாமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஒலிம்பிக் சாம்பியனும் இந்த சாம்பியனும் ஒரே ஆளாகத்தானே இருப்பார்கள்?

அப்படித்தான் நினைப்போம். பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

ஆண்களில் அதிகப் பட்டம் வென்றவர் பெலாருஸைச் சேர்ந்த இகோர் ஷெலெசோவ்ஸ்கி. 1985, 1986, 1989, 1991, 1992, 1993 என்று ஆறு முறை. ஒலிம்பிக்கில் அவர் எடுத்தது 1988-இல் 1000 மீட்டரில் வெண்கலம், 1994-இல் அதே தூரத்தில் வெள்ளி. தங்கம் இல்லை. 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

கனடாவின் ஜெரமி வோதர்ஸ்பூன் நான்கு முறை ஸ்பிரிண்ட் சாம்பியன். உலகக் கோப்பைப் பந்தயங்களில் 67 வெற்றிகள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் 500 மீட்டர் தங்கம் அவருக்கே என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டார்கள். துப்பாக்கி வெடித்து ஐந்தாறு அடி எடுத்து வைப்பதற்குள் முகங்குப்புற விழுந்தார். ஒலிம்பிக்கில் அவருக்கு மிஞ்சியது 1998-இன் ஒரு வெள்ளி.

தென்கொரியாவின் லீ கியூ-ஹியுக் கதை இன்னும் கொடுமை. 2007, 2008, 2010, 2011 என நான்கு ஸ்பிரிண்ட் பட்டங்கள். 1994 முதல் 2014 வரை ஆறு ஒலிம்பிக். ஒரு பதக்கம்கூட இல்லை.

இவர்களை 'ஒலிம்பிக்கில் தோற்றவர்கள்' என்று எழுதுவது வழக்கம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்கு வருடத்துக்கு ஒரு முறை, ஒரு சாயங்காலத்தில், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது ஒரு சோதனை. இரண்டு நாள், நான்கு ஓட்டம், இரண்டு தடம், அதை நான்கு தடவை, ஆறு தடவை ஜெயிப்பது வேறு சோதனை. யார் வேகமானவர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் இரண்டாவதைத்தான் நம்புவேன்.

இரண்டையும் சேர்த்து அள்ளியவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் எரிக் ஹைடன் 1977 முதல் 1980 வரை தொடர்ந்து நான்கு முறை ஸ்பிரிண்ட் சாம்பியன். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் 500 முதல் 10,000 வரை இருந்த ஐந்து தூரத்திலும் தங்கம். 100 மீட்டரில் ஜெயிப்பவனே 10,000 மீட்டரிலும் ஜெயிப்பது போன்ற காரியம். பிறகு சைக்கிளில் டூர் டி பிரான்ஸ் போனார், அதற்கும் பிறகு எலும்பு மருத்துவர் ஆனார்.

டான் ஜேன்சன் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

வெஸ்ட் அலிஸ்காரர். 1988 பிப்ரவரியில் ஸ்பிரிண்ட் சாம்பியன்ஷிப் அதே வெஸ்ட் அலிஸில் நடந்தது. சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் ஜேன்சன் உலக சாம்பியன் ஆனார். அடுத்து கால்கரி ஒலிம்பிக்.

அவருடைய அக்கா ஜேன் ரத்தப் புற்றுநோயில் இருந்தார். பிப்ரவரி 14 காலையில் இறந்துபோனார். அன்று மாலையே ஜேன்சனுக்கு 500 மீட்டர். முதல் வளைவிலேயே விழுந்தார். நான்கு நாள் கழித்து 1000 மீட்டர். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர் மறுபடி விழுந்தார். 1992-இல் 500-இல் நான்காவது, 1000-இல் 26-ஆவது.

1994 ஜனவரி. ஸ்பிரிண்ட் சாம்பியன்ஷிப் கால்கரியில், ஆறு வருடம் முன்பு அவர் விழுந்த அதே அரங்கில். அங்கே 500 மீட்டரில் 35.76 வினாடி என்று உலக சாதனை வைத்து இரண்டாவது முறை பட்டத்தை வென்றார். சில வாரங்களில் லில்லஹாமர் ஒலிம்பிக். 500 மீட்டரில் கடைசி வளைவில் சறுக்கி, கை ஐஸைத் தொட்டது. எட்டாவது இடம். மிச்சம் இருந்தது 1000 மீட்டர் ஒன்றுதான், அதுவும் அவருக்குப் பலமான தூரம் இல்லை. அதிலும் நடுவில் ஒரு தடவை கால் வழுக்கியது, இந்த முறை விழவில்லை. 1 நிமிடம் 12.43 வினாடி. உலக சாதனை, தங்கம். இரண்டாவதாக வந்தவர் மேலே சொன்ன ஷெலெசோவ்ஸ்கி.

பிறகு எட்டு மாதக் கைக்குழந்தை மகளைத் தூக்கிக்கொண்டு அரங்கைச் சுற்றி வந்தார். மகளின் பெயர் ஜேன்.

பெண்களில் யார் பெரிய ஆள்?

எண்ணிக்கையில் கிழக்கு ஜெர்மனியின் கரின் என்கே. 1980 முதல் 1987-க்குள் ஆறு பட்டங்கள். வேடிக்கை என்னவென்றால் அவர் முதலில் ஃபிகர் ஸ்கேட்டர், அதாவது இசைக்கு நடனமாடும் ரகம். அங்கிருந்து இங்கே மாறி, 1980-இல் யாரும் எதிர்பாராமல் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அதே மாதம் ஒலிம்பிக் 500 தங்கமும் வாங்கினார். ஜெர்மனியின் மோனிக் கார்ப்ரெக்டுக்கு ஐந்து பட்டங்கள், அமெரிக்காவின் போனி பிளேருக்கு மூன்று.

எனக்குப் பிடித்தவர் அமெரிக்காவின் ஷீலா யங். 1973-இல் ஐஸில் உலக ஸ்பிரிண்ட் சாம்பியன். அதே வருடம் சைக்கிள் பந்தயத்திலும் உலக ஸ்பிரிண்ட் சாம்பியன். 1976-இலும் அதையே திரும்பச் செய்தார். தொடைதான் மூலதனம் என்றால் அதை எங்கே முதலீடு செய்தாலும் வட்டி வரும் போல.

அண்மைக் காலத்தில் ஜப்பானியப் பெண்களின் ராஜ்ஜியம். நாவோ கொடைரா 2017, 2019. மிஹோ தகாகி 2020, 2024. தகாகி 2018-இல் ஆல்ரவுண்ட் உலக சாம்பியனும்கூட. இரண்டு பட்டங்களையும் வென்றவர்கள் ஹைடன், என்கே, அமெரிக்காவின் ஷானி டேவிஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. நடுவில் 2022-இல் வென்றவர் நெதர்லாந்தின் யுட்டா லேர்டம்.

ஓடும்போது 'டக் டக்' என்று ஒரு சத்தம் வருகிறதே?

அது பிளேடின் சத்தம். பழைய ஸ்கேட்டில் பிளேடு காலணியோடு முன்னும் பின்னும் இறுக்கமாக இருக்கும். இப்போதைய 'கிளாப் ஸ்கேட்'டில் முன்பக்கம் மட்டும் கதவுக் கீல் மாதிரி ஒரு கீல். குதிகால் தனியாகத் தூக்கிக்கொள்ளும். காலை நீட்டி உந்தும்போது குதிகால் எழும்பினாலும் பிளேடு முழுக்க ஐஸிலேயே இருக்கும், அதனால் உந்துதல் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும். காலைத் தூக்கியதும் ஸ்பிரிங் பிளேடை இழுத்து மறுபடி குதிகாலில் அடிக்கும். அந்த அடிதான் நீங்கள் கேட்பது.

ஆம்ஸ்டர்டாமில் கெரிட் யான் வான் இங்கன் ஸ்கெனாவ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு உருவாக்கியது. பல வருடம் யாரும் சீந்தவில்லை. 1996-97 பருவத்தில் நெதர்லாந்துப் பெண்கள் மாட்டிக்கொண்டு ஓடி வரிசையாக ஜெயிக்கத் தொடங்கியதும் மற்றவர்களுக்கு ஞானோதயம் வந்தது. 1998 ஒலிம்பிக்குக்குள் உலகமே மாறிவிட்டது.

உலக சாதனை எல்லாம் ஏன் சால்ட் லேக் சிட்டியிலேயே நடக்கிறது?

உயரம். அந்த அரங்கு கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு. இந்த வேகத்தில் ஸ்கேட்டரைத் தடுப்பதில் பெரும்பங்கு காற்றுதான், ஐஸ் அல்ல. ரஷ்யாவின் பாவெல் குலிஷ்னிகோவ் 500 மீட்டரில் முதல்முறையாக 34 வினாடிக்குள் போனதும் (2015-இல், 33.98), பிறகு 33.61 என்று இறக்கியதும் அங்கேதான். அவரும் மூன்று முறை ஸ்பிரிண்ட் சாம்பியன். 34 வினாடி என்றால் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதையும் சேர்த்து மணிக்கு சராசரி 53 கிலோமீட்டர். உசைன் போல்ட்டின் 9.58 வினாடி ஓட்டத்தின் சராசரி 38-ஐக்கூடத் தொடாது.

எந்த ஊரில் பார்த்தால் நன்றாக இருக்கும்?

நெதர்லாந்தின் ஹீரன்வீன், தியால்ஃப் அரங்கம். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அவர்களுக்கு இது அப்படி. ஆரஞ்சு உடையில் கூட்டம், நடுவில் பித்தளை வாத்தியக் குழு, ஐஸைச் சரிசெய்யும் வண்டி சுற்றி வரும்போதும் பாட்டு நிற்காது. கடல்மட்டத்து ஊர் என்பதால் சாதனைகள் கொஞ்சம் கஷ்டம். 2026 போட்டிக்குக் குறிக்கப்பட்ட இடமும் அதுதான்.

வருடா வருடம் நடக்கிறதா?

2020 வரை ஆம். இப்போது இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டும், ஆல்ரவுண்ட் போட்டியோடு சேர்த்து ஒரே ஊரில். 2022 நார்வேயின் ஹாமர், 2024 ஜெர்மனியின் இன்செல். 2024-இல் ஆண்கள் பட்டம் சீனாவின் நிங் சோங்யானுக்கு.

சென்னையில் ரோலர் ஸ்கேட்டிங் போகும் என் மகன் இதற்கு வர முடியுமா?

கேள்வி சிரிப்புக்குரியது இல்லை. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் சக்கர ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட் தங்கம் வென்றாரே! அந்த விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம் அது.

சக்கரத்திலிருந்து ஐஸுக்குப் போனவர்கள் இந்த சாம்பியன் பட்டியலிலேயே இருக்கிறார்கள். 2013-இல் வென்ற ஹெதர் ரிச்சர்ட்சன், 2015, 2016-இல் வென்ற பிரிட்டனி போ இருவரும் அமெரிக்காவில் சக்கரத்தில் வளர்ந்தவர்கள். குனிந்த நிலை, பக்கவாட்டில் உந்துவது, வளைவில் வலது காலை இடது காலுக்கு மேலே தாண்டி வைப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. புதிதாகக் கற்க வேண்டியது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள பிளேடின் விளிம்பில் நிற்பது. அப்புறம், கூட்டத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடும் தந்திரம் இங்கே செல்லாது, தனித் தடம்.

டேராடூனில் ஐஸ் அரங்கம் இருக்கிறது, ஆனால் அது ஹாக்கி அளவு, ஷார்ட் டிராக்குக்குத்தான் சரி. 400 மீட்டர் பாதைக்கு வெளிநாடுதான் போக வேண்டும். மகனுக்கு இப்போது பத்து வயதா, பன்னிரண்டா? சக்கரத்திலேயே இன்னும் சில வருடம் ஓடட்டும். போவும் ரிச்சர்ட்சனும் ஐஸில் இறங்கியது பள்ளிக்கூடம் முடித்த பிறகுதான்.